அந்த அட்டைகளையும் காப்பாற்றுங்கள்

தொழில்நுட்ப அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஹெச்பி-65 கால்குலேட்டரைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷம்தான். 1974-இல் வந்தது, விலை 795 டாலர், காந்த அட்டையில் நிரலைப் பதிந்து வைக்க முடிந்த முதல் பாக்கெட் கால்குலேட்டர் என்றெல்லாம் பக்கத்தில் எழுதியும் வைக்கிறீர்கள். சரி, அந்த அட்டைகள் எங்கே?

கருவியை அணைத்தால் உள்ளே இருக்கும் நிரல் போய்விடும். ஒரு நிரலுக்கு மொத்தமே நூறு கட்டளைப் படிகள். அந்த நூறுக்குள் தன் கணக்கை எப்படியோ அடக்கிய ஒரு பொறியாளரின் பல நாள் உழைப்பு, விரல் நீளமுள்ள ஒரு அட்டையில்தான் தங்கியது. மோட்டார் அட்டையை இழுத்துப் படித்து மறுபக்கம் தள்ளும், அதை எடுத்து மேல்வரிசை ஐந்து விசைகளுக்கு மேலே உள்ள இடுக்கில் செருகினால், அட்டையில் எழுதியிருப்பதே அந்த விசைகளுக்குப் பெயராகிவிடும். என்ன அழகான யோசனை! என்னிடம் இருக்கும் அடுத்த மாடலான ஹெச்பி-67-உடன் வந்த ஒரு அட்டையில் யாரோ பென்சிலில் உத்தரத்தின் நீளம், சுமை, வளைவு என்று விசைவாரியாக எழுதியிருக்கிறார். கருவியைவிட அந்தக் கையெழுத்தைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

1975-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்து நடத்திய அப்பல்லோ–சோயுஸ் விண்வெளிப் பயணத்தில், விண்கலக் கணினி கைவிட்டால் உதவட்டும் என்று 65-ஐ எடுத்துப்போனார்கள். அவர்கள் நம்பிப்போனது வெறும் விசைப்பலகையை அல்ல, நிரல்களையும் சேர்த்துத்தான்.

அடுத்து வந்த 67-இன் அட்டைகளை, 1979-இல் வந்த ஹெச்பி-41சி கால்குலேட்டருக்கான அட்டை ரீடர் படித்துவிடும். 65-இன் அட்டைக்கு அந்த வழி கிடையாது, இன்னொரு 65 தான் வேண்டும். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: அட்டையை இழுக்கும் ரப்பர் உருளை இத்தனை வருடத்தில் தார் மாதிரி இளகியிருக்கும், அப்படியே அட்டையைச் செருகினால் பிசின் ஒட்டிப் பாழாகிவிடும். முதலில் உருளையை மாற்றுங்கள், அப்புறம் ஒவ்வொரு அட்டையாகப் படித்து, நிரலின் படிகளையும் அட்டையின் இரண்டு பக்கப் படங்களையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இனி யாராவது அப்பாவின் பழைய கால்குலேட்டரைக் கொடுக்க வந்தால், வாங்கிக்கொள்ளும்போதே அட்டைப் பை வீட்டில் எங்கேயாவது இருக்கிறதா, மேசை டிராயரில் ஒருமுறை தேடிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.