பதினாறு டி-சர்ட் மிஞ்சியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஒன்பது வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் 1,000 டி-சர்ட்டுக்கு ஒரு ஆர்டர். பெட்டிக்கு 24 பீஸ். வகுத்தால் 41.67 வரும், ஆக 42 பெட்டி வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய குவரி, அதாவது டேட்டாபேஸிடம் கணக்குக் கேட்கும் கட்டளை, 41 என்றது. பேக்கிங் பிரிவிலும் 41 பெட்டிதான் வாங்கினார்கள். சாயங்காலம் தூத்துக்குடி லாரி வாசலில் வந்து நிற்கிறது, டேபிள் மேல் 16 பீஸ் கவரோடு கிடக்கிறது. ஒரு பெட்டிதானே என்று விட முடியாது. ஒவ்வொரு பெட்டியிலும் 1/41, 2/41 என்று ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. பேக்கிங் அக்காக்கள் அத்தனையையும் நகத்தால் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டி முடிக்க இரவு ஒன்பதரை ஆனது.

தம்பி மேல் நான் குறை சொல்ல மாட்டேன். மேல்நோக்கி முழுமையாக்கும் ‘சீலிங்’ போட்டுத்தான் எழுதியிருந்தார். கல்லூரியில் அவர் பழகியது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அதில் 1000-ஐ 24-ஆல் வகுத்தால் தசமத்தோடு வரும், சீலிங் அதை 42 ஆக்கும். எங்களிடம் இருப்பது எஸ்க்யூஎல் சர்வர் என்ற வேறொரு மென்பொருள். இரண்டும் முழு எண்ணாக இருந்தால் அது பின்னத்தை வெட்டிவிட்டு 41 என்றுதான் கொடுக்கும். அப்புறம் சீலிங் எதை ஏற்றும்? வகுக்கும் முன் 1.0-ஆல் பெருக்கி, எண்ணைத் தசம எண்ணாக்கியதும் சரியாகிவிட்டது.

சம்பளக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 12,450 ரூபாய் சம்பளத்துக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 93.375. விதிப்படி அடுத்த ரூபாய்க்கு ஏற்றி 94 பிடிக்க வேண்டும், பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றும் ‘ரவுண்ட்’ போட்டால் 93 வரும். ஆளுக்கு ஆள் ஏற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும், கூட்டிவிட்டு ஏற்றினால் தொகை இடிக்கும். ஜிஎஸ்டியில் 50 பைசாவுக்குக் கீழ் இருந்தால் விட்டுவிட வேண்டும். அங்கே சீலிங் போடவே கூடாது.

லேபில் ஒரே குவரியை இரண்டு டேட்டாபேஸில் ஓட்டிக் காட்டுங்கள், ஒரு பீரியட் போதும். கணக்குக்கு மீதியில்லாமல் வகுபடும் 960-ஐக் கொடுக்காமல் 1,000-ஐக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்