கெட்டிமேளத்துக்குப் பிறகு

சுங்கை சிப்புட்
ஞாயிறு மாலை, மழை விட்ட நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்யாண வீடியோ எடுக்க வாங்கப் போவதாக நீ அனுப்பிய கேமராச் சாமான் பட்டியலைப் படிக்க நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அம்மா மொத்தத்தையும் கூட்டிவிட்டாள். "முப்பத்தோராயிரம் வெள்ளியாம்! இதுக்கு ஒரு பழைய மைவி கார் வாங்கி வாசல்ல நிறுத்திடலாம்ங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கோபமில்லை. ஆனால் அன்றைக்குச் சாம்பாரில் உப்பு தூக்கல்.

வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டிருப்பேன். நான் குரல்பதிவு அனுப்பினால் நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாயாமே, தம்பி சொன்னான். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் முதலில் இருக்கிற சோனி எஃப்எக்ஸ்3 கேமரா இப்போது வேண்டாம். நல்ல கேமராதான், அதில் குறை சொல்ல நான் யார்? ஈப்போவில் ஒரு பையன் வைத்திருக்கிறான், போன மாதம் ஒரு கல்யாணத்தில் கையில் வாங்கிப் பார்த்தேன். விடியற்காலைக் கோயிலில், குத்துவிளக்கு வெளிச்சத்தில், என் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதற்குத் தெரிகிறது. வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவில், படம் அதிகம் புள்ளியடிக்காத இரண்டாவது அடிப்படையை 12,800-இல் வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் 400 ஃபிலிம் போட்டாலே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஆனால் உன்னிடம் இருக்கிற லென்ஸ்களை நினைத்துப் பார்த்தாயா? இப்போது நீ வைத்திருக்கிற ஏ6400-க்காகச் சேர்த்த மூன்றும் ஏபிஎஸ்-சி என்கிற சிறிய சென்சார் அளவுக்குச் செய்தவை. அவை விழுத்தும் வட்டம் எஃப்எக்ஸ்3-இல் உள்ள பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் நிறைக்கும். எஃப்எக்ஸ்3-இல் மொத்தமே 12 மெகாபிக்சல். நடுவை மட்டும் வெட்டி எடுத்தால் ஐந்து சொச்சம்தான் மிஞ்சும். 4கே படத்துக்கோ எட்டுக்கு மேல் வேண்டும். ஆக, அந்த லென்ஸ்களை மாட்டினால் 4கே கிடையாது. கேமரா வாங்கிய கையோடு லென்ஸ் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டியதுதான். உன் பட்டியல் இவ்வளவு நீண்டதற்குக் காரணம் அதுதான்.

அதன் தம்பி எஃப்எக்ஸ்30 இருக்கிறதே, 2022-இல் வந்தது. ஏறக்குறைய அதே உடம்பு, அதே பேட்டரி, மெமரி அட்டை போட இரண்டு இடம், வண்ணத்தை நுணுக்கமாகப் பதிகிற அதே 10-பிட் 4:2:2. உன் லென்ஸ்கள் அப்படியே பொருந்தும். வெளிவந்தபோது விலை அண்ணனில் ஏறக்குறைய பாதி. இருட்டில் பின்தங்கும், மறுக்கவில்லை, அதன் இரண்டாவது அடிப்படை 2,500 தான். அதற்குத்தான் நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுகிற உன் 30 மில்லிமீட்டர் எஃப்1.4 லென்ஸ் இருக்கிறது. ஐந்து மணி முகூர்த்தம் ஏதாவது வந்தால் அன்றைக்கு மட்டும் பெரியதை வாடகைக்கு எடு. வாடகையை விலைச்சீட்டில் தனி வரியாகப் போடு. வாடிக்கையாளர் கொடுப்பார், நீதான் கேட்கக் கூச்சப்படுகிறாய்.

ஏ6400-ஐ மாற்ற நீ எழுதிய காரணம் "படத் தரம்". படத்துக்கு என்ன குறை? என்னைக் கேட்டால் வேறு காரணம் சொல்வேன். அதில் இயர்போன் மாட்டத் துளை இல்லை. நீ மைக் மாட்டுகிறாய், ஆனால் அது என்ன பிடிக்கிறது என்று எடுக்கும்போதே உன் காதால் கேட்க வழியில்லை. இந்த ஒரு குறைக்காகவே மாற்றலாம். ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்கிறேன், இது நீ கேட்காத கதை.

1992-இல் நான் தோளில் வைக்கும் விஎச்எஸ் கேமரா வாங்கினேன். பகலில் ஆலை வேலை, சனி ஞாயிறு கல்யாணம். அம்மாவின் இரண்டு ஜோடி வளையல் அடகுக்கடைக்குப் போனது. அதை மீட்க மூன்று வருடம் ஆனது, அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. (அன்றைக்குச் சாம்பாரில் பேசினாள் என்று வைத்துக்கொள்.) கேமரா கைக்கு வந்ததும் நாலு தோட்டத்துக்குச் செய்தி போய்விட்டது. முதல் கல்யாணம் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில். பெண்ணின் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், யாரிடமும் அதிகம் பேசாத மனிதர்.

தாலி ஏறியது, கெட்டிமேளம் கொட்டியது. அந்தச் சத்தம் அடங்குகிற நேரத்தில் அந்த மனிதர் மகள் பக்கம் குனிந்து நாலைந்து வரி ஏதோ சொன்னார். அந்தப் பெண் அழுதாள். நான் எட்டடி தூரத்தில் நின்று முகத்தைப் பெரிதாக்கி அழகாக எடுத்தேன். அன்று ராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்தால் அவர் வாய் அசைகிறது, வார்த்தை இல்லை. அந்தக் காலத்துக் கேமராவில் ஒலி அளவைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். தவில் அடி விழுந்ததும் அது பயந்து தன் காதைச் சுருக்கிக்கொண்டது. மெதுவாகத் திரும்ப விரிப்பதற்குள் அவர் பேசி முடித்துவிட்டார். அந்தக் கேமராவில் இயர்போன் துளை இருந்தது, பாப்பா. எல்லாக் காசையும் கேமராவில் போட்டுவிட்டதால், பதினைந்து வெள்ளி இயர்போனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவர் அடுத்த வருடமே தவறிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்பு அந்த கேசட்டை பென் டிரைவில் மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, அப்பா என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா? அழுகையில எனக்கே ஒண்ணும் மனசுல நிக்கல" என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. நான் அன்று ஃபோகஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடைக்குள் உட்கார வைத்து ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

அதனால் உன் பட்டியலில் பன்னிரண்டாவது வரியில் "மைக், பிறகு" என்று எழுதியிருந்தாயே, அதை முதல் வரிக்குக் கொண்டு வா. இரண்டு டிரான்ஸ்மிட்டர் உள்ள கம்பியில்லா மைக் வாங்கு, அதற்குள்ளேயே பதிவாகிற வகையாகப் பார்த்து வாங்கு. மண்டபத்தில் ஐந்நூறு கைப்பேசி இருக்கும், மைக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும். இடையில் விட்டுப்போனாலும் உள்ளே ஒரு நகல் இருக்கும். 32-பிட் ஃப்ளோட்டில் பதிகிற வகை கிடைத்தால் இன்னும் நல்லது. தவிலும் கிசுகிசுப்பும் ஒரே பதிவில் தாங்கும், மீட்டரை விட்டு ஏறிப்போன சத்தத்தையும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். மைக் தலையே திணறுகிற அளவுக்குத் தவிலோடு ஒட்டி வைத்தால் அதுவும் உதவாது. சாதாரண வகை என்றால் ஒலி மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வை, இன்னும் தாழ்த்திய ஒரு பாதுகாப்புத் தடமும் போடு. மைக்கை மாப்பிள்ளையின் பட்டு அங்கவஸ்திரத்தில் குத்தாதே, சரசரவென்று உரசும். ஐயருக்கு ஒன்று, மணமேடைக் காலுக்கு ஒன்று. விருந்து மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரரிடம் நல்லபடியாகப் பேசி மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்கிக்கொள். அவர் பசியாறினாரா என்று முதலில் கேள், வயர் தானாக வரும்.

அடுத்தது, காசே செலவில்லாதது. கிள்ளானில் எடுத்த சடங்கு வீடியோவை அனுப்பினாயே, அதில் மாமன் சீர் வைக்கும்போது பின்னால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. நீ லென்ஸைச் சந்தேகப்பட்டாய். லென்ஸ் இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். நீ 1/60-இல் எடுத்திருக்கிறாய், அது மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கிற அமெரிக்காவுக்குச் சரி. கேமராவை நம் நாட்டு வீடியோ முறையான பால் (PAL) முறைக்கு மாற்று: 25 பிரேம், ஷட்டர் 1/50. மெதுவோட்டத்துக்கு 120 வேண்டாம், 100 பிரேமில் 1/100 வை. மேடையில் சுற்றுகிற கலர் எல்இடிகளும் எல்இடி சுவரும் வேறு கதை, அவற்றின் துடிப்பு ஆளுக்கு ஒரு மாதிரி. ஷட்டரை நுணுக்கமாக நகர்த்த முடிகிற கேமராதான் அங்கே தப்பிக்கும். எஃப்எக்ஸ்30 அதைச் செய்யும்.

செம்பனைத் தோட்டத்துக்குள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாட்டுக் காட்சி எடுக்கப் போகிறாயாமே. பழைய ஃபிலிம் கணக்கு ஒன்று சொல்கிறேன். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்16, 1/100. நீ முகத்துக்குப் பின்னால் மங்கலாக வேண்டும் என்று எஃப்2.8-க்குத் திறந்தால் ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு) வெளிச்சம் கூடும், 1/50-க்கு இறங்கினால் இன்னும் ஒன்று. ஆக ஆறு ஸ்டாப்பை மறைக்க வேண்டும், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டரில் 64. பிறகு வண்ணம் திருத்துவதற்காக எடுக்கிற லாக் முறையில் ஐஎஸ்ஓ 800 என்றால் ஒன்பது ஸ்டாப். மாற்றக்கூடிய என்டி ஃபில்டர் ஒன்று, உன் பெரிய லென்ஸின் வாய் அளவுக்கு வாங்கி, மற்றவற்றுக்கு வளையம் போட்டுக்கொள். மிக மலிவானது வேண்டாம், படத்தில் சிலுவை மாதிரி நிழல் விழும்.

அட்டைக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், ஒரு மணிக்கு 45 ஜிபி. காலைச் சடங்கும் ராத்திரி விருந்தும் சேர்ந்து ஆறு மணி நேரம் ஓடினால் 270. இதற்கு வி30 அட்டையே தாராளம், அது நொடிக்கு 30 மெகாபைட் தாங்கும். இதைவிடப் பெரிய பதிவு எடுக்கும்போது வி60, வி90 பார்க்கலாம். இரண்டு அட்டையிலும் ஒரே நேரத்தில் பதிய வை. வீட்டுக்கு வந்ததும் தூங்குமுன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடு. வேலையை ஒப்படைக்கும்வரை அட்டையை அழிக்காதே.

கேமராவை ஆடாமல் பிடிக்கிற கிம்பல் உனக்குப் பிடித்திருக்கிறது, வாங்கிக்கொள், ஆனால் நாள் முழுக்க அதைத் தூக்கி நடந்துவிட்டு என்னிடம் கை வலிக்கிறது என்று சொல்லாதே. ஒற்றைக்கால் மோனோபாட் போதும் என்பது என் கட்சி. ட்ரோனைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம், விமானத் துறை ஆணையமான சிஏஏஎம்மின் அனுமதி அது இதென்று தனி அலைச்சல்.

ஈரத்தைப் பற்றி மட்டும் மறக்காமல் எழுதுகிறேன். என் 135 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துப் பார், உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். நம் ஊர்க் காற்றில் மூடிய பைக்குள் வைத்தால் அதுதான் கதி. டிரை பாக்ஸ் ஒன்று வாங்கி 40-லிருந்து 50 சதவீதத்தில் வை. அதுவரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல். அம்மாவின் முறுக்கு டின் ஒன்று காணாமல் போனது ஏன் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிடும். குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் மூடியைத் திறக்காதே. பையோடு இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு எடு, இல்லையென்றால் கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும்.

சரி, காசு. ஊழியர் சேமநிதியில் 2024-இல், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மூன்றாவது கணக்கு திறந்ததிலிருந்து ஆளாளுக்கு அதில் கை வைக்கிறார்கள். நீ அதைத் தொட வேண்டாம். கடன் அட்டையில் தவணையும் வேண்டாம். ஃப்ரீலான்ஸில் ஒரு மாதம் நாலு கல்யாணம் வரும், ஆடி வந்தால் ஒன்றும் இருக்காது, தவணைக்கு அது தெரியாது. என் கடையில் மீந்த சாமான்களை விற்ற காசு என்னிடம் எட்டாயிரம் வெள்ளி இருக்கிறது. இது கடன் இல்லை. முதலில் மைக், இயர்போன், என்டி, அட்டைகள். அப்புறம் எஃப்எக்ஸ்30-ஐ மூன்று வேலைக்கு வாடகைக்கு எடுத்து உன் கைக்குப் பழகுகிறதா பார். பழகினால் மீதியோடு உன் சேமிப்பையும் போட்டு வாங்கு. பூடு பக்கம் பழைய கேமராக் கடைகளில் விசாரி. விலை குறைவு என்று, அதிகாரபூர்வ விற்பனையாளர் வழியாக வராத ஏபி செட் எடுத்துவிடாதே, பழுது வந்தால் உள்ளூர் உத்தரவாதம் செல்லாது. பழைய லென்ஸ் என்றால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.

இன்னொன்று. அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் உபயம் இருக்கிறது. தவில்காரர் நம் பழைய வாடிக்கையாளர். பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம் கெட்டிமேளம் கொட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே சரி என்றார். யாரிடமாவது அந்த மைக்கை வாங்கிக்கொண்டு இடிஎஸ் ரயில் ஏறி வா. மேளம் கொட்டும்போது நான் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசுகிறேன், என்ன சொன்னேன் என்று நீ பதிவைப் போட்டுச் சொல். டிரைபாட் தூக்கி வராதே, வீட்டில் உள்ளதற்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு மோட்டாரில் வந்து நிற்பேன்.

அம்மா இப்போதுதான் வந்து என் தோளுக்கு மேலாக இதைப் படித்தாள். வளையல் எதையும் கழற்ற வேண்டியதில்லையே என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா