செப்டம்பர் 6 பத்தி, மாப்ள

டேய் மாப்ள,

முதல்ல நல்லா திட்டிக்கோ. உன் பொண்ணு கல்யாணப் பத்திரிகை அனுப்பி மூணு வாரம் ஆச்சு, ரெண்டு டிக்கும் நீலமாகி ஒரு வார்த்தை பதில் இல்ல, தங்கச்சிகிட்ட என்னைப் பத்தி நீ என்னென்ன சொல்லியிருப்பன்னு தெரியும். இங்க எல்லாரும் சுகம். எனக்கு சுகர் மட்டும் கொஞ்சம் ஏறிருக்கு, பையன் வேலை மாறிட்டான், வீட்ல உங்க ரெண்டு பேரையும் கேட்டதா சொல்லச் சொன்னா. பத்திரிகைல மொட்டை பேரை ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ல போட்டிருக்க, இனிமே அவன் கால் தரைல படுமாடா.

பதில் போடாததுக்குக் காரணம் இருக்கு, வர்றேன். அதுக்கு முன்னாடி வேற ஒரு கல்யாணக் கதை கேளு, ஆறு மாசமா என் உசிரை எடுக்குற கல்யாணம்.

பொண்ணு, மாப்பிள்ளை ரெண்டு பேரும் யூதர்கள், நல்லா அனுசரிக்கிற குடும்பம். மன்ஹாட்டன்ல எங்க ஹோட்டல் பெரிய ஹால்ல கல்யாணம், 380 பேர். பொண்ணுக்கு எல்லாமே கனவு மாதிரி இருக்கணுமாம், மெழுகுவர்த்தி, வெள்ளைப் பூ, மேல சாண்ட்லியர், கீழ வயலின். அதெல்லாம் காசு குடுத்தா வந்துரும், அதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. தேதி பிடிக்கத்தான் நாக்கு தள்ளிருச்சு. வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும் சப்பாத், அவங்க ஓய்வு நாள், கல்யாணப் பேச்சே கிடையாது. அவங்க பாஸ்கா பண்டிகைக்கு அப்புறம் ஏழு வாரத்துல பெரும்பாலான நாள் ஆகாது. இந்த வருஷம் ஜூலை 2ல இருந்து 23 வரைக்கும் மூணு வாரம் அதுவும் ஆகாது, ஜெருசலேம் கோயில் இடிஞ்ச துக்கம். நம்ம ஆடி மாசத்தை அவங்க கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சு சீக்கிரம் முடிச்சுக்குறாங்கன்னு வச்சுக்கோயேன். செப்டம்பர் 11 ராத்திரி அவங்க புத்தாண்டு வந்துரும், அதுக்கப்புறம் வரிசையா பண்டிகை.

ஆனா ஒரு விஷயம் கேட்டா நீ சிரிப்ப. செவ்வாய்க்கிழமை அவங்களுக்கு ரொம்ப விசேஷமாம்! ஆதியாகமத்துல மூணாம் நாள் மட்டும் ‘நல்லது’ன்னு ரெண்டு தடவை வருதாம், அதனால டபுள் அதிர்ஷ்டம். செவ்வாயோ வெறுவாயோன்னு நம்ம ஆத்தா மூக்கைச் சிந்துன கிழமைல அங்க கல்யாணமே பண்றான். எங்க பார்ட்டிக்கு செவ்வாய் சரிப்படல, வெளியூர் ஆளுங்க நிறைய, கடைசியில இங்க செப்டம்பர்ல வர்ற லேபர் டே லீவுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமைன்னு முடிவாச்சு.

அடுத்து சாப்பாடு. கோஷர்னா, அதாவது அவங்க மத விதிப்படியான சாப்பாடுன்னா, பன்னி கிடையாது, இறால் கிடையாது, அவ்வளவுதானேன்னு தரமணில கேட்டரிங் படிச்சப்ப நினைச்சோம்ல, அதெல்லாம் அரிச்சுவடி. கறியும் பாலும் சேரவே கூடாது, கறி விருந்துன்னா கேக்ல வெண்ணெய் கிடையாது, காபிக்குப் பால் கிடையாது. ஏழடுக்கு வெட்டிங் கேக்கை வெண்ணெய் இல்லாம போடுன்னா எங்க பேஸ்ட்ரி செஃப் என்னை கொலைகாரனைப் பாக்குற மாதிரி பாக்குறான். எங்க கிச்சன்ல ஒரு பகுதியை கோஷர் ஆக்கணும், அதுக்கு பாத்திரமெல்லாம் 24 மணி நேரம் சும்மா கிடக்கணும், அப்புறம் சிலதை கொதிக்கிற தண்ணியில முக்கணும், சிலதை டார்ச் வச்சு நெருப்புல காச்சணும். தட்டு, ஸ்பூன் எல்லாம் கோஷர் கேட்டரர் லாரில கொண்டு வந்துருவாரு. மேற்பார்வைக்கு மஷ்கியாஹ்னு ஒரு ஆள், தாடி வச்ச சின்னப் பையன்தான், அவர் அடுப்பைப் பத்த வச்சாதான் சமையல் ஆரம்பம். கீரையை லைட்டுக்கு மேல விரிச்சுப் போட்டு பூச்சி தேடுறாரு. முட்டையை ஒண்ணொண்ணா கண்ணாடி கிண்ணத்துல உடைச்சு ரத்தப் பொட்டு இருக்கான்னு பாக்குறாரு. எனக்கு அந்த பதினோரு முட்டை விவகாரம் ஞாபகம் வந்து தனியா நின்னு சிரிச்சுட்டேன், பைத்தியம்னு நினைச்சிருப்பாரு.

சிரிக்க முடியாத இடம் ஒண்ணும் இருக்குடா. ஒயின். சாதாரண கோஷர் ஒயின் பாட்டிலைத் தொறந்து யூதர் இல்லாத ஆள் ஊத்துனா அனுசரிக்கிறவங்க குடிக்க மாட்டாங்க. அதுக்காகவே சூடு பண்ண ஒயின் இருக்கு, மெவுஷால்னு பேரு, அதை யாரு ஊத்துனாலும் பரவால்ல. வழக்கமா அதைத்தான் வைப்போம், பிரச்சினை வராது. பொண்ணோட அப்பா ஆசையா சேத்து வச்ச சில பாட்டில் சூடு பண்ணாதது, அதை நீ தொட வேணாம், நாங்களே பாத்துக்குறோம்னு மஷ்கியாஹ் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, ஆணியில தொங்குன அந்த கிளாஸ்.

அவரு என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாரு போல. உக்கார வச்சு விளக்குனாரு, அந்தக் காலத்துல சிலைக்குப் படைச்ச ஒயினா இருக்குமோன்னு ஆரம்பிச்ச விலக்கு, அப்புறம் வேத்து ஆளுங்களோட உக்காந்து குடிச்சா கல்யாண சம்பந்தம் வரைக்கும் போயிரும்னு தொடர்ந்த விலக்கு, சப்பாத்தை வெளிப்படையா மீறுற யூதர் தொட்டாலும் நிறைய பேரு குடிக்க மாட்டாங்கன்னு. கேட்டுக்கிட்டேன். பாதி சமாதானம் ஆச்சு, மீதி ஆகல, ஆன மாதிரி உன்கிட்ட நடிக்க மாட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ஹாலைப் பாக்க பொண்ணோட தாத்தா வந்தாரு, 91 வயசு. சாண்ட்லியரை அண்ணாந்து பாத்துட்டே ஒரு கதை சொன்னாரு. 1877ல சாராடோகாங்கற ஊர்ல கிராண்ட் யூனியன்னு பெரிய ஹோட்டல், ஜோசப் செலிக்மன்னு பேங்கர் குடும்பத்தோட போயிருக்காரு, உள்நாட்டுப் போர் சமயத்துல அரசாங்கப் பத்திரத்தை ஐரோப்பாவுல வித்துக் குடுத்த பெரிய மனுஷன், யூதர்ங்கறதால ரூம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தாத்தா சின்னப் பையனா இருந்தப்பகூட சில ஹோட்டல் விளம்பரத்துல சூசகமா ஒரு வார்த்தை இருக்குமாம், அதைப் பாத்தா அவங்க அப்பா பேப்பரை மடிச்சு வச்சுருவாராம். இப்ப பேத்திக்கு இப்படி ஒரு ஹால்லன்னு சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் விடல. நானும் எடுக்கல.

சரி விடு, அழுவாச்சி போதும். சம்பந்தி சண்டைக்கு வா, அது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். ஆம்பள பொம்பள தனித்தனியா ஆடணும், நடுவுல ஒரு தடுப்பு, அது பூந்தொட்டியா இருக்கட்டும்னு பொண்ணோட அம்மா, இடுப்பளவுக்கு பூ வச்சா அது தடுப்பா வேலியான்னு மாப்பிள்ளையோட அம்மா. தோள் உசரத்துல முடிச்சு வச்சேன், எங்க சித்தப்பா பஞ்சாயத்து பண்ண புண்ணியம். ஆட்டத்துக்குப் பேரு ஹோரா, நம்ம ஜோசியர் சொல்ற ஹோரை இல்ல, பொண்ணு மாப்பிள்ளையை நாற்காலியில உக்கார வச்சு தலைக்கு மேல தூக்கிட்டு ஆடுவாங்க. எங்க தங்கக் கலர் நாற்காலி பாக்க அழகு, கால் குச்சி குச்சியா இருக்கும், கைப்பிடியும் கிடையாது. எது தாங்கும்னு பாக்க நானே உக்காந்து ஸ்டோர் பசங்க நாலு பேரைத் தூக்கச் சொன்னேன். 92 கிலோ மாப்ள. தூக்குனானுங்க. இறக்கும்போதுதான் ஒருத்தன் போனை எடுத்துட்டான். மூணு நாளு நடக்க முடியல.

கல்யாண ஒப்பந்தத்துக்கு கெத்துபான்னு பேரு, பேருக்கேத்த மாதிரி கெத்துதான், மணமகன் பொண்ணுக்கு என்னென்ன செய்யணும்னு அரமேய மொழில எழுதி ரெண்டு சாட்சி கையெழுத்து, சொந்தக்காரன் சாட்சி செல்லாது. நாலு கம்பு நட்டு மேல துணி, அதான் ஹூப்பா, கிட்டத்தட்ட நம்ம பந்தக்கால்தான். பொண்ணு மாப்பிள்ளையை ஏழு சுத்து சுத்தி வரும். ஆள்காட்டி விரல்ல கல்லு வைக்காத மோதிரம். கடைசியில கண்ணாடி கிளாஸைத் துணில சுத்தி அவன் மிதிச்சு உடைச்சதும் எல்லாரும் ‘மசல் டோவ்’னு கத்துவாங்க, மசல்னா நட்சத்திரக் கூட்டமாம், நல்ல நட்சத்திரம்னு வாழ்த்துறது.

ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த கால் மணி நேரம். கிளாஸ் உடைஞ்ச உடனே ரெண்டு பேரையும் ஒரு ரூமுக்குள்ள விட்டு கதவைச் சாத்திருவாங்க, யிஹூத்னு பேரு. வெளிய ரெண்டு சாட்சி காவல். போட்டோகிராபர் கிடையாது, அத்தை மாமா கிடையாது. காலையில இருந்து ரெண்டு பேரும் விரதம், உள்ள போய்த்தான் முதல் வாய் சாப்பாடு. எங்க ஹோட்டல்ல நல்ல பெரிய சூட் ரூமைக் காட்டுனேன், அந்தப் பொண்ணு வேணாம்னுடுச்சு. ஹாலை ஒட்டி கோட்டு மாட்டுற சின்ன ரூம் இருக்கு, அங்க ஒரு சோபாவும் சூப்பும் போதுமாம். மாடிக்குப் போயிட்டு வர்ற நேரம் வேஸ்ட்டாம். மொத்தக் கல்யாணத்துலயும் எனக்கு காதலாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்டா.

என் கல்யாணத்தை நினைச்சுப் பாத்தேன். ரிசப்ஷன் மேடையில நாலு மணி நேரம் நின்னோம், பதினொன்றரைக்கு பந்தியில உக்காந்தா சாம்பார் தீந்து ரசமும் அப்பளமும். பசியில அவ கண்ணுல தண்ணி, எல்லாரும் பொறந்த வீட்டை நினைச்சு அழறான்னாங்க. இருபத்தேழு வருஷம் கழிச்சு இப்பத்தான் சொல்றா, அது பசியாம்.

இப்ப காரணத்துக்கு வர்றேன். லேபர் டேக்கு முந்தின ஞாயிறுன்னா செப்டம்பர் 6. பாப்பா கல்யாணமும் அன்னைக்குத்தான். பத்திரிகை வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடியே இதை எழுத்துல ஒத்துக்கிட்டேன். மாத்தி விட ஆளு இருக்கான்னு மூணு வாரமா பாத்தேன், அதான் பதில் போடல, ஆளு கிடைக்கல. என்னால வர முடியாது மாப்ள. அவ தொட்டில்ல கிடந்தப்ப உன் கல்யாணத்துக்கு நான்தான் சமையல்னு அவகிட்ட சொன்னவன் நான். வீட்ல மட்டும் 2ந்தேதி வந்துருவா, டிக்கெட் போட்டாச்சு.

எனக்காக ஒண்ணு பண்ணு. தாலி கட்டி முடிச்சதும் பத்து நிமிஷம், மண்டபத்துல மணமகள் அறை இருக்கும்ல, ரெண்டு பேரையும் உள்ள விட்டு கதவைச் சாத்து. தங்கச்சிகிட்ட சொல்லி சூடா நாலு இட்லி, பாப்பாவுக்குப் பிடிச்ச அந்தத் தேங்காச் சட்னி, ரெண்டு டம்ளர் காபி முன்னாடியே உள்ள வச்சுரு. வெளிய மொட்டையை நிறுத்து. போட்டோகிராபர் வந்தாலும் உன் சம்பந்தியே வந்தாலும் விடக்கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு. அவனும் உள்ள எட்டிப் பாக்கக் கூடாது, அதைத் தனியா சொல்லிரு.

இப்படிக்கு,
உன் பதினோரு முட்டை