அப்பார்க் கதை சொன்ன பாட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுதத் தெம்பில்லை. ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்கள், ரசம் சாதம் கொடுத்தனுப்பியவர்கள், என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், அப்பாவின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்ட நர்ஸ்கள், அத்தனை பேருக்கும் நன்றி. நேரில் வந்து சொல்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் இங்கேயே எழுதியாக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி. நான் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தபோது, வீட்டில் தனியாக இருந்த அம்மாவை ஒரு மதியம் காரில் ஏற்றிக்கொண்டு அப்பார்க்குக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் சவுத் ஹார்ட்டிங் கிராமத்துக்கு மேலே, குன்றின் முகட்டில் இருக்கிற பழைய ஜமீன் மாளிகை அது. பாட்டி அங்கே தன்னார்வலராக அறைகளைச் சுற்றிக் காட்டியவர். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அவருக்குத் தமிழ் வராது.

சாயங்காலம் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் ஒரு பெட்ரோல் ரசீது. அதன் பின்பக்கம் பாட்டி பேனாவால் வரைந்து காட்டிய கதை: தடி ஊன்றிய கிழவர், ஒரு பால் வாளி, தட்டில் ஒரு ஆட்டுத்தொடை. தொடையின் ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு காணோம்.

ஊர்க்கதை இதுதான். ஜமீன்தார் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா எழுபது தாண்டிய பிரம்மச்சாரி. பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் பாடுவதைக் கேட்டு மயங்கி, கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டாராம். பதிலை வாயால் சொல்ல வேண்டாம், சம்மதமென்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரும் ஆட்டுத்தொடையில் ஒரு துண்டு வெட்டி அனுப்பினால் போதும் என்றாராம். துண்டு குறைந்து வந்தது. 1825இல் கல்யாணம்!

"அவதான் வெட்டினாளா, இல்ல சமையல்காரன் தின்னுட்டானா?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. 1846இல் சர் ஹாரி இறந்தபோது எஸ்டேட் முழுக்க மேரி ஆனுக்கே வந்தது. அவளும் வீட்டை அவர் வைத்திருந்தபடியே வைத்திருந்தாள்.

1989இல் கூரையில் ஈயத்தகடு வேலை நடந்தபோது தீப்பிடித்த கதையையும் பாட்டி கையாலேயே நடித்துக் காட்டியிருக்கிறார். குடும்பத்தாரும் ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் வரிசையாக நின்று, சாமான்களைக் கைமாற்றி வெளியே கொண்டு வந்தார்கள். மாளிகையை மறுபடி திறந்தது 1995இல். வார்டில் அப்பாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப எனக்கும் ஆறு வருஷம் டைம் இருக்கு" என்றார். அவரிடம் பழைய குறும்பு தலைகாட்டியது அன்றைக்குத்தான்.

எல்லாரும் அப்பாவை விசாரித்தோம், நான் உட்பட. அம்மா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று பார்த்தவர் அந்தப் பாட்டி. இனி யார் வீட்டில் ஆஸ்பத்திரி அலைச்சல் என்றாலும், முதலில் வீட்டில் இருப்பவரைப் பார்க்கத்தான் போவேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்கு எங்கள் வீட்டில் விருந்து. கறிக்கடையில் தொடைக்கறிதான் வேண்டுமென்று அம்மா சொல்லி வைத்துவிட்டாள். நீங்களும் வாருங்கள். எத்தனை பேர் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அரிசி போட வேண்டும்.