மதுரை வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு படித்தவள். தொல்லியல் எங்களுக்கு ஒரே ஒரு தாள். மண்ணடுக்கு பற்றி அரைப் பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கினோம். ஒரு மண்ணடுக்கையும் கண்ணால் பார்த்ததில்லை. கீழடிச் செய்திகளைப் பார்த்து ஆசைப்பட்டு, இப்போது என் அக்கா மகன் பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறான். அவனுடைய தொல்லியல் நோட்டைப் புரட்டினால் அதே சிறுகுறிப்புகள்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். இளங்கலையிலேயே களப்பயிற்சியை மதிப்பெண்ணோடு கூடிய கட்டாயத் தாளாக்குங்கள். வேதியியல் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை?

இதற்கு மதுரையை விடத் தோதான ஊர் எது? சிலைமான் தாண்டினால் கீழடி. 2015-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கி, பிறகு மாநிலத் துறை தொடர்ந்த இடம். பக்கத்திலேயே கொந்தகையில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகள். வடக்கே மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழிக் கல்வெட்டு; தமிழி என்பது தமிழின் மிகப் பழைய எழுத்து. அரிட்டாபட்டி, யானைமலை, சமணர் மலை என்று திரும்பிய பக்கமெல்லாம் பாடம் கிடக்கிறது. ஆனால் கல்விச் சுற்றுலா என்று ஒரு நாள் அருங்காட்சியகம் போய், குரூப் போட்டோ எடுத்துத் திரும்புவது களப்பயிற்சி ஆகாது.

அகழாய்வுக்கு அனுமதி எளிதில் கிடைக்காது என்பீர்கள். சரி, குழி வெட்ட வேண்டாம். கல்லூரி வளாகத்தில் ஒரு கருங்கல்லில் பத்து வரி எழுத்து வெட்டி நிறுத்துங்கள். பிள்ளைகள் அதில் மைப்படி, அதாவது எழுத்தைத் தாளில் பதித்த நகல், எடுக்கட்டும். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தாள் எழுத்துப் பள்ளங்களில் இறங்கும்வரை பிரஷால் தட்ட வேண்டும். அப்புறம் மையை ஒற்றினால் கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக எழும். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அதில் தெரியும். தமிழியில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் வாசிப்பே மாறிவிடும். இதை எந்த கைடும் சொல்லித் தராது.

பானை ஓடும் அப்படித்தான். கறுப்பு சிவப்பு ஓட்டைக் கையில் வாங்கி, உள்பக்கம் ஏன் கறுத்தது, வெளியே கீழ்ப்பாதி ஏன் சிவந்தது என்று சூளையைப் பற்றி யோசிக்கும் பிள்ளைக்குத்தான் அது வெறும் ஓட்டாஞ்சில்லு இல்லை என்று புரியும். ஓட்டின் விளிம்பை வரைந்து முழுப் பானையின் வாயகலத்தைக் கணக்கிட வரைதாளும் அளவுகோலும் போதும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

கல்வெட்டியல் முதுநிலைப் பட்டயத்துக்குச் சென்னையும், தொல்லியல் முதுநிலைப் பட்டயத்துக்கு கிரேட்டர் நொய்டாவும் இருக்கின்றன. ஆனால் இரண்டுமே பட்டத்துக்குப் பிறகுதான். வீட்டு நிலைமையால் பி.ஏ.-வோடு நிற்கும் பிள்ளைகள்தான் எங்கள் ஊர்ப்பக்கம் அதிகம். அவர்கள் ஆசிரியராகவோ வி.ஏ.ஓ.-வாகவோ போகும்போது, கண்மாய்க்கரையில் ஒரு தாழியின் வாய் தெரிந்தால் அடையாளம் கண்டு தகவல் சொல்ல வேண்டாமா? மலைக்குகைகளில் சமணத் துறவிகளுக்கு வெட்டிய கற்படுக்கைகளில் பெயின்டால் பெயர் எழுதுகிறவனைத் தடுக்க ஊருக்கு நாலு பேராவது வேண்டும்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதைப் பேச எடுத்துக்கொள்ளுங்கள். மைப்படி எடுக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வகுப்புக்கு அழைப்பதிலிருந்துகூட இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் வரலாற்று மாணவி,
மேலூர்.