வயதைப் பற்றி வசந்தாவுக்கு

மயிலாப்பூர், சென்னை
கார்த்திகை மாதம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. திருக்கடையூரில் உன் கணவருக்கு எழுபது வயதுக்கான பீமரத சாந்தி நல்லபடியாக நடந்தேறியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர முடியாமற்போனது எனக்கு இன்னும் மனக்குறையாகவே இருக்கிறது. அத்தனை நல்ல செய்திகளையும் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில், எல்லாரும் காலில் விழுந்து ஆசி பெற்றுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள், இனி ஆசி கூறுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை என்று தோன்றுகிறது, உனக்கு அப்படித் தோன்றுவதுண்டா என்று கேட்டிருந்தாய். அந்த வரிகளைத்தான் பல முறை படித்தேன். ஒரு வரியில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் விழா நடந்த ஊரைப் பற்றி ஒன்று. காலனிடமிருந்து தப்பி, என்றும் பதினாறு வயதினனாக நின்றுவிட்ட மார்க்கண்டேயனின் தலம் அது. அங்கேதான் அறுபது, எழுபது, எண்பது ஆண்டுகளை நடந்து கடந்தவர்களுக்கு மாலை சூட்டுகிறோம். நின்றுவிடாமல் வந்து சேர்ந்ததும் கொண்டாடத் தக்கதே என்று நம் முன்னோர் கருதியிருக்க வேண்டும். அறுபது தமிழ் ஆண்டுகளும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டே திரும்பி வரும்போது மணமக்களாக மீண்டும் அமர வைக்கும் வழக்கம் எனக்கு எப்போதும் பிடித்தமானது. ஆனால் விழா முடிந்த மறுநாள் அந்த மனிதருக்கு வீட்டில் என்ன இடம் என்பதை எந்தச் சடங்கும் சொல்வதில்லை. உன் கேள்வி அந்த மறுநாளைப் பற்றியது.

என் பேத்தியிடம் வயதைக் கேட்டால் ஒன்பது என்று சொல்ல மாட்டாள், ஒன்பதரை என்பாள். அந்த அரையை விட்டுவிட்டுச் சொன்னால் திருத்துவாள். என் அம்மாவிடம் கேட்டால், எண்பத்தெட்டு, ஆடி வந்தால் எண்பத்தொன்பது என்று ஒன்றைக் கூட்டியே சொல்கிறார். இருவருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வீட்டார் எவரும் வயதைக் கூட்டிச் சொல்லி நான் கேட்டதில்லை. குழந்தைக்கு அது போய்ச் சேர வேண்டிய இடம், அம்மாவுக்கு அது சம்பாதித்த சொத்து. இடையில் உள்ளவர்களுக்கு மட்டும் அது கையிருப்பு குறைகிற கணக்காகத் தெரிகிறது.

மாடி வீட்டு இளைஞனுக்கு இருபத்தொன்பது வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வரும் தை மாதம் முப்பது பிறக்கிறது என்பதை ஏதோ தண்டனையைப் போலச் சொல்கிறான். சொந்த வீடு இல்லை, திருமணம் கைகூடவில்லை, கூடப் படித்தவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்று அவன் அடுக்கும்போது, அவனை வருத்துவது முதுமை அன்று, பிந்திவிட்டோம் என்ற எண்ணமே என்பது எனக்குப் புரிகிறது. நாற்பது வயதான என் மகனின் கவலை வேறு வகை. வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்ததைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் என் முழங்கால் சிகிச்சைக்கும் இடையில், தனக்கு வயதாகிறது என்று நினைக்கவே அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

டென்மார்க்கில் இருபது வயது முதல் தொண்ணூற்றேழு வயது வரையிலான 1,470 பேரிடம், உங்கள் மனத்துக்குள் உங்களுக்கு என்ன வயது என்று கேட்டு ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். டேவிட் ரூபினும் டோர்த்தே பெர்ன்ட்சனும் 2006-இல் வெளியிட்டது. இருபத்தைந்துக்குக் கீழ் உள்ளவர்கள் தங்களை வயதில் சற்று மூத்தவர்களாக உணர்ந்தார்கள். நாற்பதைக் கடந்தவர்களோ உண்மையான வயதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு இளையவர்களாக உணர்ந்தார்கள். அந்தக் கணக்கில் அறுபத்தைந்து வயதான நமக்கு இப்போது ஐம்பத்திரண்டு. கல்லூரி விடுதியில் விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்த இருவரும் உள்ளே இன்னும் இருக்கிறார்கள் என்று நான் உணர்வது எனக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்தபோது ஆறுதலாக இருந்தது.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரு கண்களிலும் பார்வை மிகவும் மங்கிவிட்டது. செய்தித்தாள் படிப்பது நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் வாழைப்பூ வாங்கி வந்தால் அதை வேறு யாரும் தொடக்கூடாது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கறை ஒட்டாமலிருக்க விரல்களில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, மடல் மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்கிற வேகாத நரம்பைத் தடவிப் பார்த்தே கிள்ளி எடுத்துவிடுகிறார். ஆய்ந்த பூ மோர் கலந்த நீரில் விழுகிறது. நான் செய்தால் அரை மணி நேரம், அவருக்கு ஒரு முற்பகல் முழுவதும் ஆகிறது. முடித்த பின், கூட்டா உசிலியா என்று அவரே தீர்மானித்துச் சொல்கிறார். வாழைப்பூ இருக்கும் நாளில் அவர் முதுகு வலியைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். ஆகவே வாரம் ஒரு முறையாவது தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்குப் போய் ஒன்று வாங்கி வந்துவிடுகிறேன்.

சென்ற மாதம் அவரை வங்கிக்கு அழைத்துப் போனேன். அப்பா அஞ்சல் துறையில் இருந்தவர் அல்லவா, குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். விரல்ரேகைக் கருவியில் பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் பதியவில்லை. வயது ஏற ஏறத் தோல் மெலிந்து ரேகைகள் தேய்ந்துவிடுகின்றன. எழுபது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த கையில் மிச்சம் என்ன இருக்கும்? அம்மா தம் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அங்கே பணியில் இருந்த இளைஞர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அம்மாவுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, பாட்டி, ஒரு முறை கண்ணை இமைத்துக் காட்டுங்கள் என்றார். 2021 முதல் முகத்தை வைத்தே சான்று பெறும் வசதி வந்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்துப் பேசாமல் அம்மாவையே பார்த்துப் பேசியதை நான் மறக்க மாட்டேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இதற்கு நேர்மாறான காட்சியை மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களில் நாள்தோறும் பார்க்கிறேன். மருத்துவர் பெரியவரைப் பார்த்து, இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்கிறார், விடை மகனிடமிருந்து வருகிறது. சாப்பாடு எப்படி என்று கேட்டால் மருமகள் சொல்கிறாள். அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாலைந்து கேள்விகளுக்குப் பிறகு அந்தப் பெரியவர் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். முதியோர் மருத்துவத்துக்கென்று 1978-லேயே தனிப் பிரிவு கண்ட நகரம் இது. கிண்டியில் 2024-இல் முதியோருக்கெனவே ஒரு தேசிய மருத்துவ மையமும் திறந்திருக்கிறார்கள். உடலுக்கு வேண்டியதை இந்த ஊர் மெல்ல மெல்லச் செய்து வருகிறது. அவர்களிடமே கேட்பது என்ற பழக்கத்தை வீடுகள்தாம் கற்றுக்கொள்ள வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள் என்றும், 2031-இல் அது 18.2 ஆகும் என்றும் அரசின் மதிப்பீடு சொல்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை ஆசி கூற மட்டும் உட்கார்த்தி வைப்பது எந்தச் சமூகத்துக்கும் நல்லதாகாது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் தனலட்சுமிக்கு இந்த யோசனைகளுக்கெல்லாம் இடமில்லை. தன் பிறந்த ஆண்டு அவருக்குத் தெரியாது. எம்.ஜி.ஆர். இறந்தபோது மூத்த மகன் கைக்குழந்தை என்பதை வைத்து, தனக்கு அறுபது நெருங்கியிருக்கும் என்று கணக்கிடுகிறார். ஆதார் அட்டையில் ஐம்பத்துநான்கு என்று பதிந்திருக்கிறது. 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகைக்கு அவர் இன்னும் ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வயதாவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்று மாடி ஏற முடிகிற வரைக்கும் வயது ஆகவில்லை என்றார். அமெரிக்காவின் ஒஹையோவில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரைப் பற்றிய தொடர் ஆய்வை ஆராய்ந்த பெக்கா லெவி என்ற உளவியலாளர், முதுமையை நல்ல விதமாகக் கருதியவர்கள் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2002-இல் எழுதினார். அதை நான் நம்புகிறேன். ஆனால் தனலட்சுமியிடம் போய், நல்ல விதமாக நினையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குத் தேவை சரியான பிறந்த தேதியும், படி ஏறாத ஒரு வேலையும்.

இனி என்னைப் பற்றி. முடிக்குச் சாயம் இடுவதைச் சென்ற ஆண்டே விட்டுவிட்டேன். பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது நன்றி சொல்லி அமர்ந்துகொள்கிறேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற முதல் ஆண்டு கடினமாகத்தான் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்னிடம் ஏதேனும் கேட்டுக்கொண்டிருந்த நிலை போய், யாரும் எதுவும் கேட்காத நாள்கள் வந்தன. கால் வலியோ நரையோ அப்போது என்னை வருத்தவில்லை, அந்த அமைதிதான் வருத்தியது. பிறகு தெருவில் உள்ள பெண்கள் கடன் விண்ணப்பம், சேமிப்புக் கணக்கு, நியமனதாரர் பெயர் என்று வரத் தொடங்கினார்கள். இப்போது மாலையில் யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். எனக்குச் சாவைக் குறித்து அதிக அச்சமில்லை. நான் அருகில் இருக்கும்போதே என்னைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கிற காலம் வந்துவிடுமோ என்ற அச்சம் உண்டு.

உன்னிடமும் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதே உன் கடிதத்தின் வருத்தம் என்று நினைக்கிறேன். நீ 2018-இல் ஐம்பத்தெட்டு வயதில் பள்ளியை விட்டு வந்தாய். 2020-இல் அரசு ஓய்வு வயதை ஐம்பத்தொன்பது ஆக்கியது, அடுத்த ஆண்டே அறுபது ஆக்கியது. உன் கணக்கு அறிவு ஓர் அரசாணையின் தேதியோடு தீர்ந்துபோகவில்லை.

தனலட்சுமியின் பேத்தி பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண். கணக்குப் பாடத்தில் வகை நுண்கணிதம் தொடங்கியதிலிருந்து திணறுகிறாள். தனிப்பயிற்சிக்கு அனுப்ப அவர்களுக்கு வசதியில்லை, எனக்கும் அந்தப் பாடம் கைவந்ததில்லை. செவ்வாய், வியாழன் இரு நாளும் மாலை ஏழு மணிக்கு என் வீட்டிலிருந்து காணொளி அழைப்பில் அவளுக்குச் சொல்லித் தருவாயா? கணவருக்கு மருந்து கொடுக்கும் நேரம் அதுவென்றால் வேறு நேரம் சொல். எல்லை (limit) காணும்போது, நெருங்கிக்கொண்டே போகும் எண்ணைத் தொடாமலே அதையே விடையாக எழுதுகிறோமே, அது எப்படிச் சரியாகும் என்று கேட்டு அவள் தன் கையெழுத்தில் எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கே எழுது. பாடநூலின் இரண்டாம் தொகுதி உன்னிடம் இல்லையென்றால் சொல், இங்கிருந்து அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
கமலா