வெள்ளத்தில் பழுதான பாய்லர்களுக்கு மாற்று அமைப்பு நிறுவ நிதியுதவி கோரும் மனு

அனுப்புநர்
வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட சிறு, குறு தொழில் நடத்துவோர்

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
தொழில் துறை

பொருள்: வெள்ளத்தில் பழுதான பாய்லர், வெந்நீர் மற்றும் அறை சூடேற்றும் அமைப்புகளை மாற்றி, உயரமான இடத்தில் நிறுவ முன்பண மானியம் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் சலவை நிலையம், தங்கும் விடுதி, அச்சகம், சிறு பட்டறை எனப் பலவகைத் தொழில் செய்பவர்கள். வெள்ளம் எங்கள் எல்லோரையும் ஒரே இடத்தில்தான் அடித்தது. பாய்லர் கனமானது, சத்தம் போடுவது, இடத்தை அடைப்பது. அதனால் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் அதை வைப்பார்கள். தண்ணீர் முதலில் புகுவதும் கடைசியாக வடிவதும் அங்கேதான்.

தண்ணீர் வடிந்த பிறகு பேனல் போர்டைத் திறந்தால், கான்டாக்டர்கள் எனும் மின் சுவிட்சுகளின் இடுக்கெல்லாம் வண்டல் படிந்து கிடக்கிறது. பாய்லரைச் சுற்றியுள்ள காப்புப் பஞ்சு நீரை உறிஞ்சித் தொங்குகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் சேதங்கள். நீரில் மூழ்கிய கேஸ் வால்வின் நிலை அப்படியல்ல. காயவைத்தால் அது மறுபடி வேலை செய்வதுபோல் தோன்றும். உள்ளே துரு ஏறிச் சில மாதம் கழித்துக் கசியும்போதுதான் ஆபத்து புரியும். மூழ்கிய வால்வையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடுங்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஆனாலும் கையில் பணமில்லாதவர் கழுவித்தான் பயன்படுத்துவார்.

எண்ணெயில் ஓடும் பாய்லர் வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. பாதி காலியான டேங்க் மிதந்து எழும்பிக் குழாயைப் பிய்த்துக்கொண்டது. கொட்டிய எண்ணெய் வெள்ளத்தோடு சேர்ந்து செங்கலிலும் பூச்சிலும் ஊறிவிட்டது. சுவரில் வெள்ளக் கோட்டுக்கு மேலே தனியாக ஒரு கருப்புக் கோடு தெரிகிறது. பூச்சை உதிர்த்த பிறகும் வாடை போகவில்லை. அந்த வாடையோடு விடுதி அறையை யாருக்கு வாடகைக்குக் கொடுப்பது?

ஜெர்மனி இந்தச் சிக்கலைச் சட்டத்தாலேயே எதிர்கொண்டது. அங்கே 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம், வெள்ள அபாயப் பகுதிகளில் புதிதாக எண்ணெய் பாய்லர் வைப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே இருப்பவற்றை வெள்ளம் தாங்கும்படி மாற்றக் கெடுவும் விதித்தது. 2021 ஜூலையில் அந்நாட்டின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கை வெள்ளம் சூறையாடியபோது, வீடுகளின் டேங்குகளிலிருந்து கொட்டிய எண்ணெய் ஊரெங்கும் பரவியது. அதன்பின் 3,000 கோடி யூரோ வரையிலான மறுகட்டமைப்பு நிதி உருவாக்கப்பட்டு, அதில் தொழில் நிறுவனங்களும் சேர்க்கப்பட்டன. பிரிட்டனில் 2015 டிசம்பர் புயலுக்குப் பிறகு, அடுத்த வெள்ளத்தைத் தாங்கும்படி கட்டடத்தைச் சீரமைக்க வீடுகளுக்கும் தொழிலகங்களுக்கும் 5,000 பவுண்டு வரை மானியம் தரப்பட்டது. ஆகவே நாங்கள் கேட்பது முன்மாதிரி இல்லாத ஒன்றல்ல.

எங்கள் முதன்மையான வேண்டுகோள் நேரம் பற்றியது. எந்த அமைப்பை வாங்குவது என்பதைத் தொழில் நடத்துபவர் வெள்ளம் வடிந்த முதல் சில வாரங்களிலேயே முடிவு செய்துவிடுகிறார். கதவடைத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடிக்கையாளர் கைவிட்டுப் போகிறார். பழைய பாய்லரையே பழுது பார்த்துத் தருகிறேன் என்பவர் சேறு காயும் முன்பே வாசலில் வந்து நிற்கிறார். மானியப் படிவம் அவ்வளவு வேகமாக வருவதில்லை. காப்பீடும் பழையதற்கு ஈடான ஒன்றுக்கே பணம் தரும், அதிலும் தேய்மானத்தைக் கழித்துக்கொள்ளும். எனவே அதே குழிக்குள் அதே பாய்லர் மறுபடி இறங்குகிறது.

இதைத் தடுக்க, மானியத்தில் பெரும்பகுதியை வேலை தொடங்கும் முன்பே தந்துதவ வேண்டும். செலவழித்துவிட்டு ரசீதைக் கொடுங்கள் என்பது வங்கியில் இருப்பு உள்ளவருக்கு மட்டுமே பொருந்தும். ஒப்புதலுக்கு முன் தொடங்கிய வேலைக்கு மானியம் இல்லை என்ற விதியையும் வெள்ளம் பாதித்தவர்களுக்குத் தளர்த்த வேண்டுகிறோம். புகைப்படமும் பொறியாளர் சான்றும் இருந்தால் போதும் என்று வைக்கலாம்.

எதற்கு மானியம் என்பதிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் நல்ல தேர்வு. ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். வெளிப்புற யூனிட்டை மாடியிலோ உயரமான ஸ்டாண்டிலோ வைக்கலாம். எண்ணெய் டேங்க் தேவையில்லை. விடுதி வெந்நீருக்கும் அறை சூட்டுக்கும் அது போதும். நீராவி தேவைப்படும் சலவை நிலையத்துக்குச் சாதாரண ஹீட் பம்ப் போதாது. அவர்களுக்கு மின்சார நீராவி பாய்லரோ, வெள்ள மட்டத்துக்கு மேல் மேடை கட்டி வைக்கும் கேஸ் பாய்லரோ அனுமதிக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கருவி என்று ஆணை வந்தால், பாதிப்பேர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

கருவியின் விலையோடு செலவு முடிவதில்லை. கூடுதல் மின்பளு வாங்கவும், கேபிளும் பேனலும் மாற்றவும், குழாயை மேல்தளத்துக்குக் கொண்டுபோகவும், எண்ணெய் ஊறிய மண்ணை அகற்றவும் ஆகும் தொகை சில இடங்களில் கருவியின் விலையையே எட்டிவிடும். இவற்றையும் மானியக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஈரச் சுவர் காய மாதக்கணக்காகும் என்பதால், அதுவரை தற்காலிக ஹீட்டர் வாடகைக்கும் சிறு உதவி தேவை.

எங்களில் பலர் வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள். உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் செல்லாது என்றால், வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்காகக் காத்திருந்தே காலம் போய்விடும். கருவி வாடகைதாரருடையது என்றால் அவர் கையெழுத்தே போதும் என அறிவிக்க வேண்டுகிறோம்.

குளிர்காலம் தொடங்கும் முன் தங்கள் துறைப் பொறியாளர் ஒருவரை அனுப்பி எங்கள் இடங்களைப் பார்வையிடச் செய்து, ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: சேதப் புகைப்படங்கள், காப்பீட்டுக் கடித நகல்கள், விலைப்புள்ளிகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள தொழில் நடத்துவோர்